இடது பிரேக்கைப் பிடித்தால் விளக்கு எரிகிறதா?

ஸ்கூட்டர் வாங்கி மூன்றாவது வருடம். ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பட்டனை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம்கூட இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டுக் கிக்கரை உதைத்தேன், முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. சரி, எங்கேயோ ஈரம் இறங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் செல்ஃப் எடுத்தது. அதற்கடுத்த நாள் எடுக்கவில்லை. இப்படிப் பத்து நாள் கண்ணாமூச்சி ஆடிய பிறகு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

துணைக்குத் தம்பி வந்திருந்தான். சர்வீஸ் அட்வைசர் வண்டியைத் தொடவே இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்து, "பேட்டரி போயிருக்கும் சார், மூணு வருஷம் ஆச்சுல்ல, மாத்திடலாம்" என்றார். தம்பிக்கு ஸ்கூட்டரில் பெட்ரோல் ஊற்றும் இடம் மட்டும்தான் தெரியும். இருந்தாலும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினான். பேட்டரி மாறியது. நாலு நாள் நன்றாக எடுத்தது. ஐந்தாம் நாள் பழைய கதைதான். பழைய பேட்டரியை அவர்களிடமே விட்டுவிட்டு வந்ததால், அது உண்மையிலேயே போய்விட்டதா என்று அளந்து பார்க்கும் வாய்ப்பும் போய்விட்டது.

இரண்டாவது தடவை தனியாகப் போனேன். இந்த முறை, "ஸ்டார்ட்டர் மோட்டார்ல பிரஷ் தேஞ்சிருக்கும் மேடம், மோட்டாரையே மாத்திடுங்க" என்றார். அளந்து பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அனுபவத்துல தெரியும்" என்று பதில் வந்தது. வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

விடை கிடைத்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் இரவு வெளியே கிளம்பும்போது இடது கையில் பை. அதனால் வலது பிரேக்கைப் பிடித்தபடியே கட்டைவிரலால் செல்ஃப் பட்டனை அழுத்தினேன். உடனே எடுத்தது. அணைத்துவிட்டு, சாவியைப் போட்டு, பையைக் கீழே வைத்து இடது பிரேக்கைப் பிடித்து அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடி வலது, எடுத்தது. வண்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். வலது பிரேக்கைப் பிடித்தால் அந்தச் சுவர் சிவக்கிறது. இடது பிரேக்கைப் பிடித்தால் சுவரில் மங்கலான டெயில் லைட் வெளிச்சம் மட்டும்.

அப்போதுதான் புரிந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் நியூட்ரல் என்று ஒன்று கிடையாது. ஆக்சிலேட்டர் முறுக்கியிருக்கும்போது செல்ஃப் எடுத்தால் வண்டி பாய்ந்துவிடும். அதனால் பிரேக் பிடித்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் போகும்படி வைத்திருக்கிறார்கள். பிரேக் லிவரின் அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச்தான் பிரேக் லைட்டையும் எரிய வைக்கிறது, செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேவுக்கும் வழி விடுகிறது. என் வண்டியில் இரண்டு லிவரிலும் ஒவ்வொரு சுவிட்ச் இருக்கிறது. இடது பக்கத்தது செத்துக்கொண்டிருந்தது. பேட்டரியும் மோட்டாரும் ஒரு பாவமும் அறியாதவை.

செல்ஃப் எடுக்காததைவிட இன்னொன்று என்னைப் பயமுறுத்தியது. நான் பெரும்பாலும் இடது பிரேக்கைத்தான் பிடிப்பேன். இத்தனை நாளும் நான் வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு அடையாளமும் தெரிந்திருக்காது.

சுவிட்சைக் கழற்ற ஒரே ஒரு ஸ்க்ரூதான். இரண்டு ஒயர், உருவினால் வந்துவிடும். மல்டிமீட்டரைக் 'கன்டின்யூட்டி'யில், அதாவது கரண்ட் போக வழி இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டேன். சுவிட்சின் குமிழ் வெளியே வந்திருக்கும்போது பீப் சத்தம் வர வேண்டும், விரலால் அழுத்தினால் நிற்க வேண்டும். எனக்குப் பத்துத் தடவையில் மூன்று தடவைதான் பீப் வந்தது. உள்ளே பச்சையாகக் களிம்பு. வாட்டர் சர்வீஸில் ஹேண்டில்பார் மீது நேராக அடித்த தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், அன்றிலிருந்து அந்தப் பக்கம் பைப்பைக் காட்ட விடுவதில்லை. கான்டாக்ட் கிளீனர் அடித்துக் குமிழை இருபது முப்பது தடவை அழுத்தி விட்டதும் உயிர் வந்தது. ஒரு மாதத்தில் மறுபடி மங்கியது. புது சுவிட்ச் வாங்கி மாட்டினேன், பத்து நிமிட வேலை.

இந்த மாதிரி நேரத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். பட்டனை அழுத்தும்போது 'டிக் டிக் டிக்' என்று ரிலே துடித்தால் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு கனமான 'டிக்' கேட்டு மோட்டார் சுற்றவில்லை என்றால் ரிலேவையோ மோட்டாரையோ சந்தேகப்படலாம். சத்தமே இல்லை, ஆனால் ஹாரன் பலமாக அடிக்கிறது என்றால் முதலில் பிரேக் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பட்டன், ஃப்யூஸ் இவற்றைப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியில் சந்தேகமே வேண்டாம். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி அணைந்து சில மணி நேரம் கழித்தும் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட வேண்டும். வண்டியை ஓடவிட்டு லேசாக ரேஸ் கொடுத்தால் 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும், ஏறவில்லை என்றால் கோளாறு சார்ஜிங் பக்கம்.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். ஸ்கூட்டரின் உடம்பு முழுக்க மைனஸ்தான். பிளஸ்ஸைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை சட்டத்தில் பட்டால் பொறி பறக்கும். மைனஸை முன்னாலேயே கழற்றிவிட்டால் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது.

சுவிட்சைச் சரிசெய்த தெம்பில் அடுத்து ஒரு தப்பு செய்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாரண்டி முடிந்திருந்தது. இஞ்சின் ஆயிலை நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஆயில் வாங்கும்போதே ஒரு பாடம். தம்பியின் பைக்குக்கு வாங்கிய டப்பாவும் என் டப்பாவும் இரண்டுமே 10டபிள்யூ-30தான், அதாவது ஒரே தடிமன். ஆனால் ஜாசோ என்ற தர முத்திரை அவனுடையதில் எம்ஏ என்றும் என்னுடையதில் எம்பி என்றும் இருந்தது. பைக்கின் க்ளட்ச் இஞ்சின் ஆயிலிலேயே நனைந்து கிடக்கும், ஆயில் அதிகம் வழுக்கினால் க்ளட்ச் பிடிக்காது. அதற்காக உராய்வை விட்டுவைக்கும் ஆயில் எம்ஏ. ஸ்கூட்டரின் க்ளட்ச் தனி அறையில் உலர்வாக இருக்கிறது, வழுக்கும் ஆயிலால் அதற்கு ஒன்றும் இல்லை, அதனால் எம்பி. ஸ்கூட்டரில் எம்ஏ ஊற்றினால் பெரிதாக ஒன்றும் கெடாது. பைக்கில் எம்பி ஊற்றினால் க்ளட்ச் ஸ்லிப் ஆகக்கூடும். மீந்ததைத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அன்றோடு போனது.

வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அடியில் தட்டை வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். கறுப்பாக இறங்கியது. எல்லாம் வடிந்ததும் போல்ட்டைப் போட்டேன். ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். திடீரென்று ஸ்பேனர் வெண்ணெயில் கத்தி போல இலேசாகச் சுற்றியது. வயிறு கலங்கிவிட்டது. போல்ட் எஃகு, அது இறங்கும் கிரான்க்கேஸ் அலுமினியம். மரை கழன்று சுருள் சுருளாகப் போல்ட்டோடு வந்துவிட்டது.

அப்புறம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், அந்தப் போல்ட்டை இறுக்கும் அளவு என் வண்டிக்கு 24 நியூட்டன் மீட்டர்தான் என்று போட்டிருக்கிறது. நான் நீளமான கைப்பிடியை வைத்து அதைப்போல இரண்டு மடங்காவது கொடுத்திருப்பேன். ஒழுகாமல் காப்பது பலம் இல்லை, போல்ட்டின் தலைக்கடியில் இருக்கும் அலுமினிய வாஷர்தான். அது நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடச் சொல்கிறார்கள். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியது. அது அடைக்காததால் இறுக்குகிறோம், இறுக்குவதால் மரை போகிறது.

வண்டியை நகர்த்த முடியாது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "நாங்க போன தடவை இறுக்குனதுல போயிருக்கும்" என்று அவர்கள் தலையில் கட்டியிருக்கலாம், தம்பி அதைத்தான் சொன்னான். மனசு வரவில்லை. அவர்களுடைய வண்டி வந்து ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு போனது. வயதான மெக்கானிக் ஒருவர் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதில் ஸ்பிரிங் மாதிரி ஒரு எஃகுச் சுருளை இறக்கினார். பழைய அளவு போல்ட்டே அதில் உட்கார்ந்துகொண்டது. இஞ்சின் கேஸையே மாற்றச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். "டார்க் ரெஞ்ச் ஒண்ணு வாங்கிக்கோம்மா, கை பொய் சொல்லும்" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர் அது. அன்றே வாங்கினேன். என்னிடம் இருக்கும் கருவிகளில் இன்றைக்கும் விலை அதிகம் அதுதான்.

அந்த இரண்டு சம்பவத்துக்கும் பிறகு எதில் கை வைப்பது, எதில் வைக்கக் கூடாது என்பது எனக்குள் தானாகப் பிரிந்துவிட்டது. கெட்டுப்போனால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான் என்பவை என் கணக்கில். கெட்டுப்போனால் நான் விழுவேன் என்பவையும், தனிக் கருவி இல்லாமல் கழற்ற முடியாதவையும் சர்வீஸ் சென்டர் கணக்கில். சிலர் வீட்டிலேயே இஞ்சினைப் பிரிக்கிறார்கள், அவர்கள் வேறு ஜாதி.

ஏர் ஃபில்டர் நானே மாற்றுகிறேன். என் வண்டியில் இருப்பது எண்ணெய் தோய்த்த காகிதம். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது. அடித்தால் எண்ணெய்ப் படலம் போய்ப் புழுதி நேராக உள்ளே இறங்கும். அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். சர்வீஸ் சென்டரிலேயே ஒரு பையன் அதை ஏர் கன்னால் ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஸ்பாஞ்ச் வகை வேறு, அதைக் கழுவலாம்.

ஸ்பார்க் பிளக்கை இஞ்சின் ஆறிய பிறகுதான் தொடுவேன். புதியதை முதலில் கையாலேயே கடைசிவரை திருக வேண்டும். கையில் முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். கையால் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று, போதும். அங்கேயும் அலுமினியம்தான்.

ஆயில் அளவு பார்ப்பதில் பலர் செய்யும் தப்பை நானும் செய்தேன். என் வண்டியில் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் குச்சியைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகி எடுத்தால் குச்சி கூடுதலாக இறங்கி, குறைவான ஆயிலை நிறைவாகக் காட்டும். மாடலுக்கு மாடல் இது மாறும், புத்தகத்தில் ஒரு வரி படித்தால் தீர்ந்தது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் ஆயில் என்று தனியாக ஒன்று உண்டு, என் வண்டிக்கு 120 மில்லி. பில்லில் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தபோது மூன்று வருடமும் வரவில்லை.

டிரம் பிரேக்கின் கேபிளை இறுக்குவதும் வீட்டு வேலைதான். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் லிவர் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா அசைய வேண்டும், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் எங்கும் உரசக் கூடாது. பிரேக் கையில் இருக்கும் அம்புக்குறி டிரம்மில் உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் இனி இறுக்கிப் பயன் இல்லை, ஷூ மாற்ற வேண்டும். அந்த இடத்தில் நான் நிறுத்திக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடுகிறேன். டயர் காற்றைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, காலையில் டயர் சூடாவதற்கு முன் பாருங்கள், வண்டியில் ஒட்டியிருக்கும் அளவைப் போடுங்கள்.

இஞ்சினின் ஓட்டத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் பக்கம் மட்டும் போகவே மாட்டேன். ஏன் என்று ஒரு அனுபவம்.

நாலாவது வருடம் வண்டி நின்று கிளம்பும்போது உதற ஆரம்பித்தது. காலையில் இல்லை, அரை மணி நேரம் ஓட்டிய பிறகுதான். போய்ச் சொன்னால், "இந்த மாடலே அப்படித்தான் மேடம்". ஆனால் இப்போது நான் பழைய ஆள் இல்லை. போனில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன்: எத்தனை கிலோமீட்டரில் தொடங்கியது, சூடான பிறகு மட்டும், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் இரண்டு நொடி, மேட்டில் அதிகம், ஓட்டத்தில் இல்லை. கூடவே ஹேண்டில் உதறும் வீடியோ. ஜாப் கார்டில் 'பிக்கப் பிரச்சினை' என்று எழுதப் போனவரை நிறுத்தி, நான் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். அப்புறம், சீனியர் மெக்கானிக் ஓட்டட்டும், நான் பின்னால் உட்கார்கிறேன் என்றேன். சூடு ஏறும்வரை சுற்றிவிட்டு ஒரு மேட்டில் நிறுத்திக் கிளப்பினார். "ஆமா, இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அரை மணி நேரம் சுற்றினோம்.

இடது பக்க மூடியைக் கழற்றியதும் கறுப்புப் பொடி கொட்டியது. க்ளட்ச் பெல்லின் உட்புறம் நீலம் நீலமாகச் சூட்டுத் தழும்பு, ஷூவின் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அந்த வழவழப்புதான் பிடித்தும் விட்டும் உதறுகிறது. முன்னால் வேரியேட்டரில், அதாவது வேகத்துக்கு ஏற்பக் கியர் மாதிரி மாறும் முன் புல்லியில், உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன. பெல்ட்டைத் திருப்பி மடக்கிக் காட்டினார், பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள். கண்ணால் பார்த்தது போதாது என்று காலிப்பரால் அகலத்தையும் அளந்தார். அதையும் நான் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

திரும்ப மாட்டும்போது அவர் காட்டிய ஒன்றுதான் என்னை அந்தப் பக்கமே போகவிடாமல் செய்தது. முன் புல்லியின் நட்டை இறுக்கும்போது பெல்ட் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டால் ரெஞ்ச் முழு இறுக்கம் வந்துவிட்டதாகக் காட்டும். வண்டி ஓடத் தொடங்கியதும் பெல்ட் நழுவி நட்டு லூஸாகும், தண்டின் பற்கள் நாசம். அதற்காகவே பின் புல்லியைப் பிரித்துப் பெல்ட்டை உள்ளே அழுத்தித் தொய்வு கொடுத்துக்கொண்டு, முன்னால் இறுக்கினார். இதெல்லாம் கை பழகியவர்கள் வேலை.

வாரண்டி இருக்கும்போது ஆயிலைக்கூட நான் தொட்டதில்லை. எதை மறுப்பார்கள், எதை ஏற்பார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பில்லும் சர்வீஸ் தேதியும் கையில் இருந்தால் வாக்குவாதம் குறையும். இரண்டாம் வருடம் ஸ்பீடோமீட்டர் அணைந்து அணைந்து எரிந்தபோது, சார்ஜர் பாயின்ட்டுக்காக வெளியே ஒருவர் ஒயரை வெட்டி ஒட்டியிருந்ததைக் காட்டி வாரண்டி இல்லை என்றார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒட்டைப் பார்த்தபோது எனக்கே வாயடைத்துவிட்டது, வெறும் டேப் சுற்றி விட்டிருந்தார். மாடல் பெயரை மட்டும் சொல்லி பார்ட்ஸ் வாங்குவதையும் விட்டுவிட்டேன். அப்படி வாங்கிய ஏர் ஃபில்டர் ஒன்று பெட்டிக்குள் உட்காரவே இல்லை. ஒரே பெயரில் இரண்டு மூன்று விதம் வருகிறது. சேசிஸ் நம்பரைச் சொன்னால்தான் சரியானது வரும்.

போன வாரம் கிக்கர் பக்கம் ஒரு கிறீச் சத்தம். காலையில் முதல் ஐந்து நிமிடம் மட்டும், பிறகு மறைந்துவிடும். அதே அட்வைசர்தான். நான் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். மாலையில் போன் செய்து, "கழற்றித் துடைச்சுப் பாத்துட்டோம் மேடம், இப்ப சத்தம் கேக்கல. வண்டி சூடா இருக்கு. ராத்திரி இங்கயே விடுங்க, காலைல நீங்களும் வாங்க, ஆறின வண்டியைச் சேர்ந்தே ஸ்டார்ட் பண்ணிக் கேப்போம்" என்றார். விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் போக வேண்டும், தம்பி கொண்டுபோய் விடுகிறேன் என்றிருக்கிறான்.